ஊர் வரைபடச் செயலிக்கு எந்தக் கருவித்தொகுப்பு?

(வட்டார வள மையத்தில் நடந்த பணியிடைப் பயிற்சியில் சமூக அறிவியல், கணித ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

சாப்பாட்டுக்குப் பிறகு வரும் அமர்வு எனக்கு வாய்த்திருக்கிறது. மதியம் முதல் பாடவேளையில் பிள்ளைகளின் கண்கள் எப்படிச் சொக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதனால் விளக்கத்தில் தொடங்காமல், நான் ஊர் நடுவில் அசடு வழிந்த கதையிலிருந்து தொடங்குகிறேன்.

நான் ராசிபுரம் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர். கணினி அறிவியல் படித்தவன் இல்லை. எங்கள் பள்ளிக்கு ஆறு குக்கிராமங்களிலிருந்து பிள்ளைகள் நடந்தும் சைக்கிளிலும் வருகிறார்கள். வழி முழுக்கக் கிணறுகள். தண்ணீர் வற்றிப்போய் யாரும் கவனிக்காமல் விட்ட கிணறுகளும் அவற்றில் உண்டு. ஒரு மழைக்கால மாலையில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனின் சைக்கிள் சேற்றில் வழுக்கிப் பாதையோரக் கிணற்றுக்குள் போய்விட்டது. பையன் விளிம்பில் இருந்த செடியைப் பிடித்துக்கொண்டு தப்பினான். மறுநாள் வகுப்பில் அதைப் பற்றித்தான் பேச்சு. “சார், சுவரே இல்லாத கிணறு நம்ம பக்கம் மொத்தம் எத்தனை இருக்கும்?” என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் பெற்றோர் சிலரும் சேர்ந்து மூன்று சனிக்கிழமைகளில் எண்ணி முடித்தோம். பள்ளிக்கு வரும் பாதைகளை ஒட்டி 41 கிணறுகள். அவற்றில் 16 கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. இதைக் கைபேசியில் தொட்டுப் பார்க்கும் வரைபடமாக்கி, அக்டோபர் 2 கிராம சபையில் காட்டுவது என்று முடிவு செய்தோம்.

அப்போதுதான் இன்றைய தலைப்புக்குள் நான் வந்து விழுந்தேன். வரைபடச் செயலி செய்ய ஆயத்தமான கருவித்தொகுப்புகள் கிடைக்கின்றன. எஸ்.டி.கே. என்பார்கள். நகர்த்துவது, பெரிதாக்குவது, புள்ளி வைப்பது, தொட்டால் விவரம் காட்டுவது எல்லாவற்றையும் எழுதி வைத்திருப்பார்கள். நாம் நம் தகவலைச் சேர்த்தால் போதும். நான் இணையத்தில் இரண்டு காணொலிகளைப் பார்த்துவிட்டு, பார்க்க மிக அழகாக இருந்த ஒரு பெரிய நிறுவனத்தின் தொகுப்பைப் பிடித்தேன். பெயர் வேண்டாம். பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் அது கண்ணைப் பறித்தது. தலைமையாசிரியர் மூன்று முறை பெரிதாக்கிப் பார்த்தார்.

கிராம சபை நடந்த இடம் எங்கள் ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, கரட்டுக்கு அந்தப் பக்கம். அங்கே சிக்னல் இல்லை. கைபேசியை நீட்டினேன். திரை முழுக்கச் சாம்பல் நிறக் கட்டங்கள். அவற்றின் மேல் 41 சிவப்பு ஊசிகள் மட்டும் மிதந்தன. ஊராட்சித் தலைவர் எட்டிப் பார்த்துவிட்டு, “என்னங்க வாத்தியாரே, கிணறெல்லாம் ஆகாசத்துல இருக்குது?” என்றார். கூட்டமே சிரித்தது. அந்த மாணவி பையிலிருந்து, கணக்கெடுப்பின்போது பென்சிலால் வரைந்த தாளை எடுத்து விரித்தாள். அன்று பேசியது அந்தத் தாள்தான். ஆனால் தாளில் பாதி ஊர்தான் இருந்தது. மனுவைப் பிறகு பார்க்கலாம் என்று ஒத்தி வைத்தார்கள்.

இதோடு முடியவில்லை. அந்தத் தொகுப்பைப் பயன்படுத்த ஒரு ‘கீ’ தருவார்கள். நீண்ட எண்ணும் எழுத்துமாக ஒரு சாவி. அதை வாங்க என் சொந்த வங்கி அட்டையைப் பதிந்திருந்தேன். மாதம் இவ்வளவு வரை இலவசம், நாம் அதை எங்கே தாண்டப் போகிறோம் என்ற தைரியம். செய்த நிரலை நான்கு ஆசிரியர்களுக்குப் பயன்படட்டுமே என்று சாவியோடு சேர்த்துப் பொதுவில் போட்டுவிட்டேன். யாரோ எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அடுத்த மாதம் நான்காயிரத்துச் சொச்சம் ரூபாய் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. தவறு முழுக்க என்னுடையது. வீட்டில் அதை எப்படிச் சொன்னேன் என்பதை இங்கே சொல்லவில்லை.

பணம் போனதைவிட எனக்கு உறைத்தது வேறு. அட்டையை நீக்கினேன், அதோடு வரைபடமும் நின்றுபோனது. எனக்கு அடுத்த கலந்தாய்வில் மாறுதல் கிடைத்தாலும் அதுதான் நடந்திருக்கும். முப்பது பிள்ளைகள் வெயிலில் நடந்து சேர்த்த தகவல், என் பெயரில் இருந்த ஒரு கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே இரண்டாம் முறை தொகுப்பைத் தேடியபோது எது அழகு என்று பார்க்கவில்லை. இதை யார், எங்கே நின்று, எந்தக் கைபேசியில் திறப்பார்கள்? நான் இல்லாத மூன்றாம் ஆண்டிலும் இது திறக்குமா? இந்த இரண்டை மட்டும் கேட்டேன்.

கேட்டு விடை தேட, உள்ளே என்ன இருக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். வரைபடச் செயலி ஒரே பொருளாகத் தோன்றும். உண்மையில் மூன்று பொருள். வகுப்பில் நாம் வரைபடம் மாட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரில் தொங்கும் வரைபடம் ஒன்று. அதைத் தாங்கும் ஆணியும் சுட்டுக்கோலும் இன்னொன்று. பிள்ளைகள் அதன்மேல் ஒட்டும் வண்ணப் பொட்டுகள் மூன்றாவது. செயலியில் முதலாவது அடிப்படை வரைபடம், இரண்டாவது நிரல் தொகுப்பு, மூன்றாவது நம் தகவல். பெரிய நிறுவனங்கள் முதல் இரண்டையும் ஒட்டியே தருகின்றன. தனித்தனியாக எடுக்க முடியும் என்பது தெரிந்ததும் எனக்குப் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

அடிப்படை வரைபடம் பெரும்பாலும் 256 படப்புள்ளி அகலமும் உயரமும் கொண்ட சதுரத் துண்டுகளாக வருகிறது. டைல் என்கிறார்கள். உலகம் முழுவதும் முதலில் ஒரே டைல். ஒரு படி பெரிதாக்கினால் 4, அடுத்த படியில் 16, அடுத்து 64. கணித ஆசிரியர்கள் சிரிப்பது தெரிகிறது. பத்தாவது படியில் 10,48,576. பதினாறாவது படியில் 429 கோடிக்கு மேல். நான்கின் அடுக்கை ஒன்பதாம் வகுப்பில் இதை வைத்துச் சொல்லிப் பாருங்கள், ஒருவனும் தூங்க மாட்டான். இத்தனை துண்டுகளையும் கைபேசியில் வைத்திருக்க முடியாது. திரைக்குத் தேவையான பத்துப் பதினைந்தை மட்டும் அவ்வப்போது இணையத்திலிருந்து இழுக்கும். கிராம சபையில் நான் பார்த்த சாம்பல் கட்டங்கள் வந்து சேராத டைல்கள். ஊசிகள் மட்டும் தெரிந்ததற்குக் காரணம், அவை எங்கள் தகவல். ஏற்கெனவே கைபேசிக்குள் இருந்தன.

சரி, டைல்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாமே? நானும் அப்படித்தான் நினைத்தேன். வணிக நிறுவனங்களின் விதிகள் பொதுவாக அதை அனுமதிப்பதில்லை, அல்லது தங்கள் கைபேசித் தொகுப்பின் வழியாக மட்டும் அனுமதிக்கின்றன. 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பற்றிப் பலருக்குத் தெரிந்திருக்கும். விக்கிப்பீடியா போல யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடம். அதுவும் தன் டைல்களை மொத்தமாக இறக்குவதைத் தடை செய்கிறது. நன்கொடையில் ஓடும் சர்வர் அது. ஆளாளுக்கு அள்ளினால் தாங்காது. ஆனால் அதன் தகவலை, அதாவது சாலை, ஓடை, கட்டடம் ஆகியவற்றின் கோடுகளை, எடுத்துக்கொள்ளத் தடை இல்லை. படத்தை அள்ளாதே, தகவலை எடுத்துக்கொள் என்கிறார்கள். எங்களுக்கு வழி திறந்தது இந்த இடத்தில்தான். ஓவர்பாஸ் டர்போ என்ற தளத்திலிருந்து எங்கள் ஊராட்சியின் சாலைகளையும் ஓடையையும் மட்டும் ஒரு கோப்பாக எடுத்தோம். எங்கள் ஊர் அதில் ஒரு சாலையும் கோயிலுமாகத்தான் இருந்தது. மாட்டுவண்டித் தடங்களையும் ஒற்றையடிப் பாதைகளையும் பிள்ளைகள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே சேர்த்தார்கள். அதற்கே ஒரு மாதம் ஆயிற்று. தமிழில் ஊர்ப்பெயர் எழுதத் தனி இடம் அதில் உண்டு, நிரப்புங்கள்.

அடுத்தது நிரல் தொகுப்பு. இங்கே கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும். மூன்றாம் ஆண்டிலும் திறக்குமா என்ற கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. கூகுள் மேப்ஸை ஒரு காலத்தில் சிறிய இணையதளங்கள் சாவிகூட இல்லாமல் வைத்துக்கொள்ள முடிந்தது. 2018இல் விதி மாறியது. சாவியும் கட்டணக் கணக்கும் கட்டாயமாயின. மேப்பாக்ஸ் என்ற நிறுவனம் தன் இணையத் தொகுப்பைத் திறந்த உரிமத்தில் தந்துகொண்டிருந்தது. 2020 டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து அது திறந்த உரிமத்தில் இல்லை. முந்தைய பதிப்பை எடுத்துப் பலர் சேர்ந்து தொடர்ந்ததுதான் மேப்லிப்ரே. இவர்கள் யாரும் ஏமாற்றவில்லை. அவர்கள் பொருள், அவர்கள் விலை. ஆனால் நாம் இலவசம் என்று எடுக்கும்போது, இன்றைக்கு இலவசமா, உரிமத்தாலேயே என்றைக்கும் இலவசமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். திறந்த உரிமத்தில் ஒருமுறை கையில் வந்த பதிப்பைத் திரும்பப் பிடுங்க முடியாது. அதனால்தான் மேப்லிப்ரே சாத்தியமாயிற்று.

நாங்கள் தேர்ந்தெடுத்தது லீஃப்லெட். உக்ரைனைச் சேர்ந்த வலோதிமிர் அகஃபோன்கின் 2011இல் வெளியிட்டது. சுருக்கிய நிலையில் ஏறத்தாழ 42 கிலோபைட். திறந்த உரிமம், சாவி இல்லை, அட்டை இல்லை. மேப்லிப்ரேயையும் முயன்றோம், வரைபடத்தைச் சாய்த்துப் பார்க்கலாம், மிக வழவழப்பாக நகரும். ஆனால் அந்த வகைத் தொகுப்புகள் கணினியின் வரைகலைத் திறனை நம்பி வேலை செய்பவை. எங்களிடம் இருந்த பழைய கணினிகளுக்கு அது கட்டுப்படியாகவில்லை.

இன்னொரு காரணம் தமிழ். இதைப் பொதுவாக யாரும் எச்சரிப்பதில்லை. எழுத்துகளைத் தாமே வரையும் சில தொகுப்புகள் ஒவ்வொரு குறியையும் தனித்தனியாக அடுக்கிவிடும். ‘கொல்லப்பட்டி’ என்று எழுதினால் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று சிதறும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட அப்படி எழுதாது. லீஃப்லெட்டில் பெயர்ப்பட்டை சாதாரண இணையப் பக்க எழுத்தாகவே வருகிறது. உலாவி தமிழை ஒழுங்காகக் காட்டிவிடுகிறது. எந்தத் தொகுப்பை எடுத்தாலும் முதல் நாளே கொ, கௌ, ஸ்ரீ மூன்றையும் எழுதிப் பாருங்கள்.

செய்யும்போது பட்ட பாடுகளில் சிலவற்றைச் சொல்கிறேன். உங்கள் நேரம் மிஞ்சும். இணையம் இல்லாமல் திறக்கும்போது, பக்கத்தில் இருக்கும் தகவல் கோப்பைப் படிக்க உலாவி பாதுகாப்புக் காரணத்தால் மறுக்கும். கணினியில் அதற்கு வழி, தகவலையே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் மாறியாக எழுதிவிடுவது. அதைக் கைபேசிக்கு அனுப்பித் திறந்தால் கூட இருக்கும் கோப்புகள் எதுவும் வரவில்லை. கடைசியில் தொகுப்பு, தகவல், அலங்காரம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் ஒட்டினோம். ஊசிப் படங்கள் தனிப் படக் கோப்புகள் என்பதால் அவற்றை விட்டு வண்ண வட்டங்களை வைத்தோம். சுவர் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. முழுக் கோப்பும் ஒரு கைபேசிப் புகைப்படத்தைவிடச் சிறியது. புளூடூத்தில் போகும்.

பாதைகளும் கிணறுகளும் சேர்ந்து முதல்முறை திறந்தபோது கிணறுகளைக் காணோம். தேடினால் வட துருவத்துப் பக்கம், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய கடலில் கிடந்தன. எங்கள் ஊர் ஏறத்தாழ 11.4 வடக்கு அட்சம், 78.2 கிழக்குத் தீர்க்கம். ஜியோஜேசன் என்ற கோப்பு வடிவத்தில் தீர்க்கம் முதலில் வரும். லீஃப்லெட்டில் நேரடியாக எழுதினால் அட்சம் முதலில் வரும். மாறிப்போனதும் 78 வடக்கு, 11 கிழக்கு. இருபது ஆண்டுகளாக அட்சமும் தீர்க்கமும் நடத்துகிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளுக்குப் புரிந்த அளவு என் கரும்பலகையில் என்றும் புரிந்ததில்லை.

தசம இலக்கமும் அப்படித்தான். ஒரு குழு இரண்டு இலக்கத்தோடு எழுதி வந்தது. ஒரு பாகை அட்சம் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். இரண்டு தசம இலக்கம் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் முன்பின். நான்கு இலக்கத்தில் 11 மீட்டர், ஐந்தில் சுமார் ஒரு மீட்டர். ஐந்து எழுதுங்கள், போதும். கைபேசி ஜி.பி.எஸ். திறந்த வெளியிலேயே ஐந்து மீட்டர் அளவுக்குத் தவறும். ஆகவே துல்லியம் வேண்டும் என்று எந்தப் பிள்ளையும் கிணற்று விளிம்பில் போய் நிற்கத் தேவையில்லை. எங்கள் விதி பத்து அடி தள்ளி, பெரியவர் ஒருவர் கூட. இதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

வணிகத் தொகுப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முகவரி தேட வேண்டும், போக்குவரத்து நெரிசலோடு வழி காட்ட வேண்டும் என்றால் கூகுளின் தகவலுக்கு ஈடாகத் தனியாக நம்மால் எதுவும் செய்ய முடியாது. நம் நாட்டு நிறுவனமான மேப்மைஇந்தியாவும் மேப்பிள்ஸ் என்ற பெயரில் தொகுப்பு தருகிறது. இஸ்ரோவின் புவன் தளம் 2009 முதல் இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் எங்கள் கிணறுகளைச் சரிபார்க்க அதைப் பார்த்தோம். சென்னையில் பேருந்து வழி காட்டும் செயலி செய்ய உங்கள் மாணவர்கள் ஆசைப்பட்டால் என் பேச்சைக் கேட்காதீர்கள். அப்போதும் கணக்கை உங்கள் சொந்த அட்டையில் தொடங்காதீர்கள். சாவியை உங்கள் தளத்தில் மட்டும் வேலை செய்யும்படி கட்டுப்படுத்துங்கள். செலவு வரம்பு வைக்க முடியுமா என்று பாருங்கள்.

அரசுப் பள்ளி என்பதால் இன்னொன்று. இந்திய எல்லையை இந்திய நில அளவைத் துறையின் வரைபடப்படிதான் நாம் காட்ட வேண்டும். வெளிநாட்டு அடிப்படை வரைபடங்கள் பலவற்றில் கோடு வேறு மாதிரி இருக்கும். நாங்கள் எல்லைக் கோடு எதையும் சேர்க்கவில்லை. ஊராட்சி அளவுக்குக் கீழே சிறிதாக்க முடியாதபடியும் பூட்டிவிட்டோம். லீஃப்லெட்டில் அதற்கு ஒரே ஒரு வரி.

திரையின் கீழ் மூலையில் ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்று ஒரு வரி வரும். விளம்பரம் போல இருக்கிறது, எடுத்துவிடலாமே என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். எடுக்கக் கூடாது. தகவலை இலவசமாகத் தருவதற்கு அவர்கள் கேட்கும் விலை அந்த ஒரு வரி. அந்தப் பங்களிப்பாளர்களில் இப்போது எங்கள் பிள்ளைகளும் உண்டு.

யாரையும் கேட்காமல் ஒரு மாணவன் வகுப்புத் தோழர்கள் அத்தனை பேர் வீட்டையும் பெயரோடு புள்ளி வைத்திருந்தான். ஆர்வம்தான். உட்கார வைத்துப் பேசி நீக்கினோம். பெண் பிள்ளைகள் தினமும் எந்த வழியில் போகிறார்கள் என்பது புளூடூத்தில் சுற்றக் கூடாது. கிணற்று உரிமையாளர் பெயரும் போடவில்லை, எண் மட்டும். பெயர் போட்டிருந்தால் மறுநாளே நான்கு பேர் பள்ளி வாசலில் நின்றிருப்பார்கள்.

ஜனவரி 26 கிராம சபை அதே இடத்தில் நடந்தது. சிக்னல் இன்னும் வரவில்லை. இந்த முறை நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்த மாணவி கைபேசியைத் தலைவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். சிவப்பு வட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தவர், ஏழாம் எண்ணில் நின்று, “இது நம்ம தோட்டத்துக் கிணறு இல்ல?” என்றார். தீர்மானம் எழுதினார்கள். 16 கிணறுகளில் இதுவரை 6 பச்சை ஆகியிருக்கின்றன. முதலில் மாறியது ஏழாம் எண். மீதி பத்துக்கு நடந்துகொண்டிருக்கிறோம்.

இந்த ஆண்டு நிறம் மாற்றும் வேலை எட்டாம் வகுப்பினுடையது. கோப்பு தலைமையாசிரியர் அறைப் பீரோவில் ஒரு பென் டிரைவிலும், ஊரில் எத்தனையோ கைபேசிகளிலும் இருக்கிறது. வரும் கலந்தாய்வில் நான் விண்ணப்பித்திருக்கிறேன். கிடைத்தால் சொந்த ஊர்ப் பக்கம் போய்விடுவேன்.

பக்கத்து அறையில் பன்னிரண்டு கணினிகள் தயாராக இருக்கின்றன. இணைய இணைப்பை வேண்டுமென்றே துண்டிக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் பள்ளியின் அட்சத்தையும் தீர்க்கத்தையும் ஐந்து தசம இலக்கத்தோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். எது முதலில் என்பதைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.